சாயத் தண்ணீரைக் கரியால் தெளிய வைப்பது எப்படி?

சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் திருமணிமுத்தாறு சேலத்துக்குள் வந்ததும் நிறம் மாறுவதற்குச் சாயக்கழிவும் ஒரு காரணம். அந்த நிறத்தைக் கரி எப்படிப் பிடிக்கிறது என்று வீட்டு மேசையிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கிராம் ஆக்டிவேட்டட் கார்பனின், அதாவது நுண்துளைகள் உண்டாகும்படி பதப்படுத்திய கரியின், துளைகளுக்குள் பல நூறு சதுர மீட்டர் பரப்பு இருக்கிறது. சாய மூலக்கூறுகள் அதில் ஒட்டிக்கொள்ளும். அடுப்புக்கரியில் அவ்வளவு துளை கிடையாது, அதை நம்பி இறங்காதீர்கள்.

தேவையானவை: மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத் தூள், கொட்டாங்குச்சியில் செய்த ஆக்டிவேட்டட் கார்பன் தூள், மூடியுள்ள நான்கு பாட்டில்கள், ஃபில்டர் தாள், கையுறை. தராசு 0.01 கிராம் வரை காட்ட வேண்டும். வெள்ளியை நிறுக்கும் கொலுசுப் பட்டறைக்காரர் யாரையாவது தெரிந்தால் தராசுக்குக் கவலையே இல்லை.

1. கரியை 105 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் எடை தப்பாகும்.

2. 0.1 கிராம் சாயத்தை 1 லிட்டர் நீரில் கரையுங்கள். பாட்டிலுக்கு 200 மில்லி ஊற்றினால் ஒவ்வொன்றிலும் 20 மில்லிகிராம் சாயம்.

3. ஒன்றில் கரி வேண்டாம். மற்றவற்றில் 0.05, 0.1, 0.2 கிராம் போட்டு, இரண்டு மணி நேரம் அவ்வப்போது நன்றாகக் குலுக்குங்கள்.

4. வடிகட்டுங்கள். கரி போடாத பாட்டிலையும் அதே மாதிரித் தாளில்தான் வடிக்க வேண்டும், ஏனென்றால் தாளும் கொஞ்சம் சாயத்தை இழுக்கும். இதைப் பலரும் விட்டுவிட்டு, தாள் பிடித்ததையும் கரியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

5. கரி போடாததில் வடித்த நீரைப் பாதி, கால், அரைக்கால் என நீர்த்து வரிசையாக வைத்து ஒப்பிடுங்கள். நிறம் ரொம்ப அடர்த்தியாகத் தெரிந்தால் எல்லாவற்றையும் ஒரே அளவில், பத்து மடங்கு நீர்த்துக்கொள்ளலாம்.

0.1 கிராம் போட்டது 'கால்' நிறத்தோடு ஒத்துப்போனால், கரி பிடித்தது சுமார் 15 மில்லிகிராம். அதாவது ஒரு கிராம் கரிக்கு 150 மில்லிகிராம்.

சரி, சாயப்பட்டறைத் தண்ணீரும் இப்படியே தெளியுமா? அவ்வளவு சுலபமில்லை. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் நீரில் எதிர்மின் சுமையோடு இருக்கும். சாயமேற்றச் சோடா சேர்ப்பதால் தண்ணீரின் காரத்தன்மையும் அதிகம். அந்த நிலையில் கரியின் பரப்பும் எதிர்மின் சுமை ஏறி, சாயத்தைத் தள்ளிவிடப் பார்க்கும். அதனால் முதலில் கொஞ்சம் கொஞ்சமாக வினிகர் விட்டு, பிஎச் தாளில் 6 அல்லது 7 காட்டும்வரை இறக்குங்கள்.

நிறம் போனாலும் தண்ணீரில் கரைந்த உப்பு போகாது. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்தால் அது கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். உப்பை எடுக்க ஆர்ஓ மாதிரி வேறு முறை வேண்டும்.

பயன்படுத்திய கரியில் சாயம் முழுக்க இருக்கிறது. சாக்கடையில் கொட்டாமல், உலர்த்தி மூடிய டப்பாவில் போட்டு, கல்லூரி ஆய்வகத்தின் ரசாயனக் கழிவோடு சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.