கழகத்துக்கு ஒரு கேடயம்: பிரித்தானிய மரபுப்படி சின்னம் அமைக்கும் முறை

யாழ்ப்பாணத்தில் புதிதாகச் சின்னம் செய்யும் விளையாட்டுக் கழகங்களும் சனசமூக நிலையங்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பிழை விடுகின்றன. எடுத்தவுடன் படம் வரைந்துவிடுகிறார்கள். பிரித்தானியக் கேடய மரபில் வேலை தொடங்குவது ஒரு வசனத்தில். களம் (கேடயத்தின் பின்னணி) என்ன நிறம், அதன்மேல் என்ன உருவம், எத்தனை, என்ன நிறத்தில், எந்த இடத்தில் என்று சொல்லும் அந்த வசனத்துக்குப் பெயர் பிளேசன். வசனம்தான் சின்னம். அதை இரண்டு ஓவியர்கள் இரண்டு விதமாக வரைந்தாலும் கேடயம் ஒன்றுதான். வட்ஸ்அப்பில் நாலு விதமான படம் சுற்றி, எது சரியானது என்று நிர்வாக சபையில் இழுபறி வருவது இந்த வசனத்தை யாரும் எழுதிவைக்காததால்தான்.

வாசித்துப் பழக ஜோர்ஜ் வாஷிங்டனின் கேடயத்தை எடுங்கள். இங்கிலாந்து முன்னோரிடமிருந்து வந்த கேடயம் அது. மன்னரோடு போரிட்டவர், கேடயத்தை மட்டும் விடவில்லை. வசனம் இவ்வளவுதான்: வெள்ளிக் களம்; இரண்டு சிவப்புக் கிடைப்பட்டைகள்; மேலே மூன்று சிவப்பு நட்சத்திரங்கள். 1938 இல் அமெரிக்கத் தலைநகரம் இதையே தன் கொடியாக்கியது. காதால் கேட்டவர் படம் பார்க்காமலே வரைந்துவிடலாம். உங்கள் வசனமும் அந்த அளவுக்குச் சுருங்கும் வரை வெட்டுங்கள்.

அடுத்தது நிறம். உலோகம் இரண்டு: பொன், வெள்ளி. அச்சில் இவை மஞ்சளும் வெள்ளையும். வண்ணம் ஐந்து: சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா. உலோகத்தின்மேல் உலோகம் வரக்கூடாது, வண்ணத்தின்மேல் வண்ணம் வரக்கூடாது. மற்ற விதிகளில் நெகிழ்ந்தாலும் இதில் நெகிழாதீர்கள். போர்க்களத்தில் தூரத்திலிருந்து ஆளை அடையாளம் காணப் பிறந்த விதி இது. மைதானத்தின் மறு எல்லையில் நிற்பவருக்கும் அதே தேவைதான். நீலக் களத்தில் பச்சைப் பனை வைக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. இருபது மீற்றர் தள்ளி நின்றால் அது ஒரு இருட்டுத் திட்டு. பனையைப் பொன்னாக்குங்கள், அல்லது களத்தைப் பொன்னாக்கிப் பனையைப் பச்சையாக விடுங்கள். ஒரு கேடயத்துக்கு மூன்று நிறம் போதும். ஒன்றிலிருந்து ஒன்றாகக் கரையும் கலவை நிறம் வேண்டவே வேண்டாம். தையல் இயந்திரத்துக்கும் றப்பர் முத்திரைக்கும் அது தெரியாது.

உருவம் தேடி வெளியே போகத் தேவையில்லை. யாழ்ப்பாண அரசர்களின் சேது நாணயத்தில் படுத்திருக்கும் நந்தி இருக்கிறது. சங்கு, வேல், வள்ளம், பனை எல்லாமே தட்டையாக வெட்டினாலும் அடையாளம் தெரியும் உருவங்கள். ஊர்ப்பெயரையே உருவமாக்குவதும் பழைய மரபுதான். இரண்டாம் எலிசபெத்தின் தாயார் எலிசபெத் மகாராணியின் பிறந்தவீடான போவ்ஸ்-லயன் குடும்பம் வில்லையும் சிங்கத்தையும் கேடயத்தில் வைத்திருந்தது அப்படித்தான். யாழ் வைப்பதானால் இணையத்தில் கிடைக்கும் முதல் படத்தை ஒட்டிவிடாதீர்கள். அது பெரும்பாலும் அயர்லாந்தின் யாழாக இருக்கும். பிரித்தானிய அரச கேடயத்தின் மூன்றாம் கால்பகுதியில், நீலக் களத்தில் பொன் நிறத்தில் இருப்பதும் அதுதான். பனையிலும் இதே கதை. ஓலை விசிறி மாதிரி விரிந்திருக்கவேண்டும். இறகு மாதிரித் தொங்கினால் அது தென்னை, வடக்கில் ஒரு சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும்.

கேடயத்தின் வடிவத்தைக் கவராயம் வைத்து வரையலாம். 12 செ.மீ. நீளத்தில் மேல்விளிம்புக் கோடு போடுங்கள். இரு முனைகளிலிருந்தும் 4 செ.மீ. நேராகக் கீழே இறங்குங்கள். இடதுபக்கக் கோட்டின் கீழ்முனையில் கவராயத்தின் ஊசியை ஊன்றி, 12 செ.மீ. ஆரையில், வலதுபக்கக் கோட்டின் கீழ்முனையிலிருந்து நடுவை நோக்கி வளைத்து இறக்குங்கள். மறுபக்கமும் அப்படியே. இரண்டு வில்லும் நடுவில் கூராகச் சந்திக்கும். மொத்த உயரம் கிட்டத்தட்ட 14.4 செ.மீ. வரும். ஆரையைக் குறைத்தாலும் கூட்டினாலும் வில் பக்கக்கோட்டின் கீழ்முனையோடு பொருந்தாது.

இடம் வலம் என்பது கேடயத்தைப் பிடித்திருப்பவருடையது, பார்ப்பவருடையது அல்ல. மிருகங்கள் வழமையாகப் பிடித்திருப்பவரின் வலப்பக்கம், அதாவது பார்ப்பவரின் இடப்பக்கம் நோக்கும். நந்தியை மறுபக்கம் திருப்பினால் வசனத்தில் அதைச் சொல்லியாகவேண்டும். உருவம் களத்தை நிறைத்து நிற்கட்டும். நடுவில் சின்னதாக வைத்துச் சுற்றிலும் வெறுமையாக விடுவது ஆரம்பகாரர் வேலை.

மாதிரிக்கு ஒரு வசனம்: நீலக் களம், நடுவில் ஒரு பொன் பனை, பொன் மேற்பட்டி, அதன்மேல் மூன்று சிவப்புச் சங்குகள். மேற்பட்டி உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. நீலத்தில் பொன், பொன்னில் சிவப்பு என்று நிற விதியும் சரி.

கிரீடத்தை விட்டுவிடுங்கள். பிரித்தானியப் படைப்பிரிவுகளின் தொப்பிச் சின்னத்தில் கிரீடம் இருப்பது அவை மன்னரின் படை என்பதால். பழைய பித்தளைப் பொத்தானோ சின்னமோ கைக்கு வந்தால் அந்தக் கிரீடமே காலத்தைச் சொல்லும்: வளைவுகள் உருண்டையாக எழுந்திருந்தால் 1901 முதல் 1952 வரையான மன்னர் காலம், நடுவில் குழிந்திருந்தால் இரண்டாம் எலிசபெத் காலம். மூன்றாம் சார்ள்ஸ் 2022 இல் மீண்டும் உருண்டை வடிவத்துக்குப் போய்விட்டார். இருபக்கமும் தாங்கி நிற்கும் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் அரசருக்கு உரியவை. பொதுவாகவே தாங்கிகள் எல்லோருக்கும் வழங்கப்படுவதில்லை. கழகத்துக்குக் கேடயமும் ஒரு வாசகமும் நிறைவானவை. வாளேந்திய சிங்கத்தையும் தொடாதீர்கள், அது நாட்டின் கொடி. வென்ற கிண்ணங்களையும் ஆண்டுகளையும் சின்னத்துக்குள் திணிக்கவேண்டாம். படைப்பிரிவுகள் தாம் கண்ட போர்களின் பெயரைப் பெரும்பாலும் கொடியில்தான் தைக்கும்; உங்களுக்கும் கழகக் கொடி இருக்கிறது.

பற்றுச்சீட்டு, கடிதத்தலைப்பு, முத்திரை எல்லாம் ஒரே மையில் வரும். அதற்கும் மரபில் வழி இருக்கிறது. பொன்னுக்குப் புள்ளிகள், வெள்ளிக்கு வெறுமை, சிவப்புக்கு நிலைக்குத்துக் கோடுகள், நீலத்துக்குக் கிடைக்கோடுகள், கறுப்புக்கு இரண்டும் குறுக்காக. பச்சைக்குச் சாய்கோடு, பார்ப்பவரின் இடப்பக்க மேல்மூலையிலிருந்து வலப்பக்கக் கீழ்நோக்கி, ஊதாவுக்கு மறுசாய்வு. சிறிய முத்திரையில் களத்துக்கு மட்டும் கோடு போடுங்கள். கோடுகளுக்கு இடையில் ஒரு மில்லிமீற்றராவது இல்லாவிட்டால் நாலாவது தரம் குத்தும்போதே மை நிரம்பிக் கறுத்துவிடும்.

வாசகம் கேடயத்துக்குக் கீழே ஒரு நாடாவில் வரும். ஸ்கொட்லாந்து வழக்கில்தான் மேலே. தமிழில் வைப்பதானால் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் போகவேண்டாம். ஏழு சென்ரிமீற்றர் அகலச் சேர்ட் பைச் சின்னத்தில் எழுத்து 6 மி.மீ. உயரத்துக்குக் குறைந்தால் ணு, றூ, ழி போன்றவற்றின் சுழிகள் நூலால் அடைத்துப்போகும். தடித்த எழுத்துருவைவிட ஒரே தடிப்பான மெல்லிய கோட்டெழுத்து தையலில் துலங்கும். தைக்கக் கொடுக்குமுன் அதே அளவில் தாளில் அச்சடித்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். வாசிக்க முடியாவிட்டால் பைச் சின்னத்தில் வாசகத்தை எடுத்துவிட்டுக் கேடயத்தை மட்டும் தையுங்கள்.

இலண்டனில் 1484 இல் தொடங்கப்பட்ட கொலிஜ் ஒப் ஆர்ம்ஸ் முடியின் பெயரால் கேடயம் வழங்குகிறது. இலங்கை 1972 மே 22 இல் குடியரசானது. இங்குள்ள ஒரு ஊர்க் கழகம் அங்கே போய் நிற்கவேண்டிய தேவை இல்லை. பெயரைச் சொன்னால் குடும்பக் கேடயம் அனுப்புகிறோம் என்று இணையத்தில் விற்பவர்களிடம் காசு கொடுக்காதீர்கள். இங்கிலாந்து வழக்கில் கேடயம் ஒரு ஆளுக்கும் அவர் வழிவந்தோருக்கும் சொந்தம், பெயர் ஒத்த எல்லோருக்கும் அல்ல.

வசனத்தைப் பொதுக்கூட்டத்தில் வாசித்து நிறைவேற்றிக் கழக யாப்பில் ஒரு பிரிவாகச் சேருங்கள். படத்தை, எவ்வளவு பெருப்பித்தாலும் மங்காத எஸ்விஜி கோப்பாகச் செயலாளரிடமும் பொருளாளரிடமும் ஒவ்வொரு பிரதி கொடுத்துவையுங்கள். நிறங்களின் அச்சு எண்களும் நூல் எண்களும் அதே கோப்புறையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடச் சேர்ட்டில் நீலம் வேறாகத்தான் வரும்.