அயிலை எந்த நீளத்தில் சினை பிடிக்கிறது?

சூரமங்கலம் மீன் மார்க்கெட்டில் அயிலை (கானாங்கெளுத்தி) மீன் வாங்கித்தான் என் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதைக் காட்டுகிறேன். சேலத்தில் கடல் இல்லாதது ஒரு தடையே இல்லை.

முதலில், ஒரே அளவு மீனாக வாங்காதீர்கள். கடையில் தரம் பிரித்தே வைத்திருப்பார்கள். "அண்ணா, பொடிசும் பெருசும் கலந்து போடுங்க, வெட்ட வேண்டாம்" என்று கேளுங்கள். ஐஸில் நாளான மீனின் வயிறு குழைந்துவிடும், அது வேண்டாம்.

வாய் நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்து எழுதுங்கள். அப்புறம் வயிற்றைக் கத்தரிக்கோலால் மெதுவாகத் திறந்தால் உள்ளே இரண்டு மடல்கள் தெரியும்; அவைதான் மீனின் இனப்பெருக்க உறுப்புகள். மஞ்சளாக, மணிமணியாக இருந்தால் பெண். வெண்மையாக, வழவழப்பாக இருந்தால் ஆண். நூல் போல மெல்லிசாக, கண்ணாடியாகத் தெரிந்தால் இன்னும் பருவமடையவில்லை.

இங்கேதான் நான் முதல் வருடம் தவறினேன். முட்டையிட்டு முடித்த மீனின் மடல் தொளதொளவென்று சிவந்து சுருங்கியிருக்கும். அதைக் குஞ்சு என்று எழுதிவிட்டேன்! அது முதிர்ந்த மீன்தான். அதனால் ஒரே மாதத்தோடு நிறுத்தாமல், பல மாதம் வாங்கிப் பாருங்கள்.

சரி, கணக்கு. பெண் மீன்களை ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் தனித்தனியாகப் பிரியுங்கள். எந்த நீளத்தில் பாதி மீன்கள் முதிர்ந்திருக்கின்றனவோ, அதுவே முதிர்ச்சி நீளம். அயிலைக்கு ஏறக்குறைய 20 செ.மீ. பக்கத்தில் வரும். முதல் வருடம் விறுவிறுவென்று வளரும் மீன், அதன்பின் உணவைச் சினைக்கும் செலவிடுவதால் மெதுவாகவே நீள்கிறது.

கேரளத்தில் 14 செ.மீ.க்குக் குறைந்த அயிலையைப் பிடிக்கத் தடை இருக்கிறது. அதைவிடச் சின்னது தட்டில் கிடந்தால் நான் வாங்குவதில்லை.