டாக் வாங்கினால் பழைய ரேடியோச் சத்தம் வந்துவிடுமா?

‘இந்த டாக்கைப் போட்டால் பழைய ரேடியோ மாதிரி இதமாகப் பாடும்’ என்று சொல்லித்தான் விற்கிறார்கள். கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ எண்களாகக் கிடக்கும் பாட்டை மின்னலையாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பதுதான் டாக்கின் (DAC) வேலை. ஸ்பீக்கர் செய்ய வேண்டியதை அதனிடம் எதிர்பார்ப்பது முதல் தவறு.

ஹட்டனிலும் பண்டாரவளையிலும் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கேட்ட இலங்கை வானொலிச் சத்தத்தையே எடுத்துக்கொள்வோம். மத்திய அலையில் அலைவரிசைகளுக்கு இடையே 9 கிலோஹேர்ட்ஸ்தான் இடைவெளி. அதனால் 4.5 கிலோஹேர்ட்ஸுக்கு மேலான கூர்மையெல்லாம் பெரும்பாலும் வெட்டுப்பட்டுப் போகும். மிச்சத்தை மரப்பெட்டியும் காகிதக் கூம்பு ஸ்பீக்கரும் பார்த்துக்கொண்டன. உச்சத்தைக் குறைத்ததால் கிடைத்த சுகம் அது. ஆகவே காசை எடுக்குமுன் கைப்பேசியின் ஈக்குவலைசரில் 3 கிலோஹேர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் இறக்குங்கள், 8க்கு மேலே இன்னொரு 2 இறக்குங்கள், 200 ஹேர்ட்ஸில் 1 ஏற்றுங்கள். பலருக்கு இதுவே போதும். செலவும் இல்லை.

அடுத்தது, ‘ஆர்-டூ-ஆர் என்றால் இதம், டெல்டா-சிக்மா என்றால் வறட்சி’ என்ற நம்பிக்கை. இரண்டும் டாக் வகைகள். ரெசிஸ்டர்களை ஏணிபோல அடுக்கிச் செய்வது ஆர்-டூ-ஆர். எண்களை மிக வேகமான துடிப்புகளாக்கிச் செய்வது டெல்டா-சிக்மா. ஒழுங்காகச் செய்யப்பட்டால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காதால் பிடிப்பது கஷ்டம். வித்தியாசம் தெரிவது பெரும்பாலும் ஓவர்சாம்பிளிங் (எண்களுக்கு இடையே புது எண்களைக் கணக்கிட்டு நிரப்புவது) இல்லாத ‘நோஸ்’ வகையில்தான். சீடியின் 44.1 கிலோஹேர்ட்ஸ் பாட்டில் அது 10 கிலோஹேர்ட்ஸில் முக்கால் டெசிபலும், 20இல் 3 டெசிபலுக்குச் சற்று மேலும் குறைத்துவிடும். ‘அனலொக் மணம்’ என்று புகழப்படுவதில் பாதி இந்தச் சரிவுதான். ஓவர்சாம்பிளிங்கைப் புதுமோகம் என்று திட்டுவோருக்கு ஒரு செய்தி: பிலிப்ஸின் முதல் சீடி பிளேயரிலேயே 14 பிட் சிப்போடு நான்கு மடங்கு ஓவர்சாம்பிளிங் இருந்தது.

வால்வு (பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழாய்) வைத்த மலிவு டாக்குகளிடம் இன்னும் கவனமாக இருங்கள். வால்வு ஒழுங்காக வேலை செய்ய நூறு வோல்டுக்கு மேலாவது கேட்கும். சில மலிவுப் பெட்டிகளில் அதற்குச் சில பத்து வோல்ட்தான் கிடைக்கிறது. செம்மஞ்சள் ஒளிகூட அடியில் ஒட்டிய எல்ஈடியிலிருந்து வரும். கண்ணுக்கு அழகுதான், மறுக்கவில்லை.

கடையில் இரண்டை மாற்றி மாற்றிக் கேட்டுத் தீர்மானிப்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஒன்று 2 வோல்ட் தரும், மற்றது 2.3 வோல்ட் தரும். வித்தியாசம் 1.2 டெசிபல். காது அதைச் சத்தம் கூடியதாக எடுக்காது, ‘நிறைவாக இருக்கிறது’ என்றே எடுக்கும். வீட்டில் ஒப்பிடுவதாக இருந்தால் 100 ஹேர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் இரண்டு கம்பியையும் தொடுங்கள். இரண்டு டாக்குக்கும் ஒரே எண் வரும்வரை வொல்யூமைத் திருகிச் சரிசெய்யுங்கள். பிறகு எது எதென்று தெரியாமல் இன்னொருவரை மாற்றச் சொல்லுங்கள். பல தடவை இரண்டும் ஒன்றாகவே பாடும்.

சீமெந்துத் தரை, வெறுஞ்சுவர், தகரக் கூரை உள்ள அறையில் எந்த டாக்கும் காதைக் குத்தத்தான் செய்யும். ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் தடித்த கம்பளி ஒன்றைத் தொங்கவிட்டால் டாக் மாற்றுவதைவிடப் பெரிய மாற்றம் தெரியும். யூடியூபிலிருந்து இறக்கிய 128 கேபிபிஎஸ் எம்பி3யை எந்த டாக்காலும் திருத்த முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் விஷயம் கடைசியாக. ஜப்பானிலிருந்து வரும் பழைய பொருட்கள் 100 வோல்ட்டுக்கானவை. நம் 230இல் நேரே சொருகினால் அன்றே புகை. மடிக்கணினியை யூஎஸ்பியில் இணைத்ததும் ‘ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் டாக்கைக் குறைசொல்லாதீர்கள். எர்த் சிக்கலாக இருக்கலாம். பாட்டை ஒளியாகக் கொண்டுபோகும் ஒப்டிக்கல் கேபிளில் மின்தொடர்பு இல்லாததால், மடிக்கணினியிலும் டாக்கிலும் அந்த வாசல் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி தொடங்கினால் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் போகாமல் பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டருக்கு வரும் வயரையும் சேர்த்து.