நண்டுக் கூண்டில் கேமரா: படம் கலங்குவதற்கும் கணக்குத் தவறுவதற்கும் காரணமான பிழைகள்

நண்டுக் கூண்டோடு ஒரு கேமராவையும் நீருக்குள் இறக்குபவர்களில் பலருக்கு முதல் முறை கிடைப்பது பச்சை மூட்டமும் அதற்குள் அசையும் சில நிழல்களும்தான். கேமரா மட்டமானது என்று முடிவுகட்டி, விலை கூடிய ஒன்றைத் தேடிப் போகிறார்கள். அந்த மூட்டத்துக்குக் கேமராவின் தரத்தைவிட, அதைக் கூண்டின் எந்தப் பக்கத்தில், எந்தத் திசை பார்த்துக் கட்டினோம் என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

இரை நீரில் இறங்கியவுடன் அதிலிருந்து கசியும் எண்ணெயும் சதைத் துணுக்குகளும் நீரோட்டத்தின் வழியே ஒரு பட்டையாக நீள்கின்றன. நண்டு இரையைக் கண்ணால் தேடுவதைவிட, தலையின் முன்புறத்தில் உள்ள சிறிய உணர்கொம்புகளால் அந்த மணத்தை அறிந்து, ஓட்டத்தை எதிர்த்து நடந்து வருவதே வழக்கம். ஆகவே கலங்கல் போகும் பக்கமும் நண்டுகள் வரும் பக்கமும் ஒன்றே. கேமராவை அந்தப் பக்கத்தில் இரையைப் பார்த்து வைத்தால், லென்ஸுக்கு முன்னால் துணுக்குகள் ஓயாமல் மிதந்துகொண்டிருக்கும். நண்டுகளோ கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்து, முதுகைக் காட்டியபடி கூண்டுக்குள் போய்விடும். ஓட்டம் வரும் பக்கத்தில் கேமராவை வைத்து, இரைக்கு அப்பால் ஓட்டம் போகும் திசையைப் பார்க்கச் செய்தால் லென்ஸின் அருகே நீர் தெளிவாக இருக்கும், நண்டுகளும் முகம் காட்டி வரும்.

கூண்டு கீழே போகும் வழியில் சுழலுமே, திசையை எப்படி நிலைநிறுத்துவது என்ற கேள்வி நியாயமானது. கூண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் தட்டையான பிளாஸ்டிக் தகடு ஒன்றை வால்போலக் கட்டி, கேமராவை அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் பொருத்துங்கள். தரையைத் தொடுவதற்கு முன் கயிற்றைச் சற்றுப் பிடித்து நிறுத்தினால், வால் ஓட்டம் போகும் திசைக்குத் திரும்பிக்கொள்ளும். அதன் பிறகு மெதுவாகத் தரையில் வைக்கலாம். நங்கூரமிட்ட படகிலிருந்தோ இறங்குதுறையிலிருந்தோ இறக்கும்போதுதான் இது பலிக்கும், ஏனெனில் ஓட்டத்தோடு மிதந்து போகும் படகில் கூண்டும் நீரும் ஒரே வேகத்தில் நகர்வதால் வாலைத் திருப்ப விசை இருக்காது. ஓதம் திரும்பினால் ஓட்டமும் திரும்பும் என்பதால், நீண்ட நேரம் கூண்டை விட்டுவைப்பவர்கள் பிற்பாதிப் பதிவு கலங்கலாக இருப்பதைக் கண்டு வியக்கவேண்டியதில்லை. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர் ஏறக்குறைய அசையாமல் நிற்கும் வேளையில் தரைச்சேறு அதிகம் கிளம்பாது. படமெடுப்பதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை.

கேமராவின் எடை கூண்டைச் சாய்த்துவிடுவது அடுத்த பிழை. ஒரு பக்கம் கனத்தால் மறுபக்கத்து வாயில் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளும். நண்டு வந்து, சுற்றிச் சுற்றி நடந்து, வழி தெரியாமல் போய்விடும். எதிர்ப்பக்கத்தில் அதே அளவு ஈயக்கட்டியைக் கட்டிச் சமன் செய்ய வேண்டும். கேமராவும் அதன் தாங்கியும் வாயிலுக்கு நேராக இருந்தால் நண்டுகள் அதன்மீதே ஏறிப் பற்றிக்கொள்ளும், பிறகு படம் முழுவதும் ஒரு காலும் அதன் மயிர்களும் மட்டுமே தெரியும்.

வெளிச்சத்தில் நடக்கும் தவறுகளுக்குத் தனி இடம் கொடுக்க வேண்டும். லென்ஸை ஒட்டி விளக்கைப் பொருத்தினால், நீரில் மிதக்கும் ஒவ்வொரு துகளும் அந்த ஒளியை நேராக லென்ஸுக்கே திருப்பி அனுப்பும். மூடுபனியில் வண்டியின் முகப்பு விளக்கை முழு வீச்சில் எரியவிட்டதுபோல் முன்னால் ஒரு வெள்ளைத் திரை விழும். விளக்கை லென்ஸிலிருந்து ஒரு முழமாவது தள்ளி, பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடிக்கச் செய்தால் திரை பெருமளவு விலகும். கலங்கலான நீரில் விளக்கைக் கூட்டுவதைவிடக் கேமராவை இரைக்கு நெருக்கமாகக் கொண்டுபோவதே பயன் தரும், ஏனெனில் இடையில் இருக்கும் நீர் குறைந்தால் துகளும் குறையும். இரவில் வெள்ளை விளக்கு இன்னொரு தொல்லையையும் கொண்டுவரும்: மிதவை உயிரிகள் அதைத் தேடிக் கூடும், அவற்றைத் தின்னச் சிறு மீன்கள் வரும், சற்று நேரத்தில் நண்டைக் காணவே முடியாது. பல நண்டு இனங்களின் கண்கள் நீலம், பச்சை ஒளிக்குக் கூர்மையாகவும் சிவப்புக்கு மிக மந்தமாகவும் இருப்பதால், அவற்றின் இயல்பான நடத்தையைப் பார்க்க விரும்புவோர் சிவப்பு விளக்கைப் பயன்படுத்துவது உண்டு. ஆனால் நீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான் என்பதால் அந்த வெளிச்சம் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் மட்டுமே உதவும்.

இதே காரணத்தால்தான் சில மீட்டர் ஆழத்திலேயே சிவந்த ஓடுகள் பழுப்பாகவும் சாம்பலாகவும் தெரிகின்றன. லென்ஸின்மேல் மாட்டும் சிவப்பு வடிகண்ணாடி, சூரிய ஒளி போதுமான அளவு இறங்கும் தெளிந்த நீல நீருக்கு உரியது. செயற்கை விளக்கைப் போட்டுக்கொண்டு அதையும் மாட்டினால் படம் முழுவதும் செந்நிறமாகிவிடும். ஆழத்திலோ கலங்கலிலோ மாட்டினால் எஞ்சியிருக்கும் கொஞ்ச வெளிச்சமும் போய்விடும்.

கைப்பேசித் திரையில் நேரலையாகப் பார்க்கலாம் என்ற விளம்பரத்தை நம்பி வைஃபை கேமராவை வாங்குபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கடல்நீர் மின்கடத்தி, வைஃபையோ புளூடூத்தோ அதில் சில விரற்கடை தூரத்துக்குமேல் ஊடுருவாது. நேரலை வேண்டுமென்றால் கேபிள் வேண்டும், கேபிள் இருந்தால் அதைக் காப்பாற்றவும் தெரிய வேண்டும். கூண்டின் எடை முழுவதையும் கயிறுதான் தாங்க வேண்டும். கேபிள் கயிற்றைவிடச் சற்று நீளமாக, இடைவெளிவிட்டு அதனோடு கட்டப்பட்டுத் தளர்ந்து வர வேண்டும். கேபிளைப் பிடித்துக் கூண்டைத் தூக்கினால் முதலில் அறுவது உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிதான், வெளியுறை பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். படகில் சுருட்டாமல் கிடக்கும் கேபிள் காலிலும் சுற்றும், இயந்திரச் சுழலியிலும் சுற்றும்.

நீர்புகா உறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. உறையில் குறிப்பிட்ட எல்லைக்கு அருகில் போகாமல் இருப்பது நல்லது. தூசும் நீரும் புகாது என்பதைக் காட்டக் கைப்பேசிகளுக்குத் தரப்படும் ஐபி68 குறி நன்னீர்ச் சோதனையைச் சார்ந்தது, அது கடலுக்கான உத்தரவாதம் ஆகாது. உறையின் ரப்பர் வளையத்தில் ஒரு மணலோ ஒரு மயிரோ சிக்கினால் போதும், நீர் புகுந்துவிடும். ஈரக்காற்று வீசும் படகில் வைத்து உறையை மூடினால், குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் ஈரம் கண்ணாடியில் படியும். கரையில் உலர்ந்த இடத்தில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை வைத்து மூடிக்கொள்வதே சரி.

படம் நன்றாக வந்தபின் நேரும் தவறுகள் இன்னும் நுட்பமானவை. திரையில் தெரியும் அளவை நம்பக்கூடாது. தட்டையான கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது ஒளிவிலகலால் பொருள்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். அகலக்கோண லென்ஸ் அருகில் நீளும் கொடுக்கை இன்னும் பூதாகரமாக்கும். பிடிக்கத்தக்க குறைந்தபட்ச அளவு விதிக்கப்பட்டுள்ள இடங்களில், படத்தைப் பார்த்து அளவை முடிவு செய்வது தண்டனையில்கூடக் கொண்டுபோய் விடலாம். 10 செ.மீ. இடைவெளியில் கோடிட்ட ஒரு குச்சியை இரைக்குப் பக்கத்தில் கட்டிவைத்தால் தோராயமான மதிப்பு கிடைக்கும். இறுதி அளவு கையில் பிடித்து அளந்ததாகவே இருக்க வேண்டும். முட்டை சுமக்கும் பெண் நண்டையும், ஓடு இன்னும் இறுகாத நண்டையும் அடையாளம் காண்பதற்கும் இதுவே பொருந்தும்.

எண்ணிக்கையிலும் இப்படித்தான். ஒரே நண்டு வந்து, போய், மறுபடி வருவதைப் பல நண்டுகளாக எண்ணிவிடுவது மிக எளிது. இரை வைத்துக் கடலடியில் படமெடுக்கும் ஆய்வாளர்கள் இதற்காகவே, ஒரே சட்டகத்தில் ஒரு நேரத்தில் சேர்ந்து தெரிந்த அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் கணக்கில் கொள்கிறார்கள். நாமும் அதையே செய்யலாம். அசையாமல் கிடக்கும் நண்டெல்லாம் செத்தது அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: பின்புற விளிம்பில் பிளவுபட்டு, உள்ளே வெறுமையாக இருந்தால் அது தோலுரித்த நண்டு விட்டுப்போன ஓடு. அந்தப் பகுதியில் மென்னோட்டு நண்டுகள் பதுங்கியிருக்கலாம் என்பதற்கு அது அறிகுறி, நோய்க்கோ நஞ்சுக்கோ அல்ல.

கூண்டுக்குள் நுழைந்தது என்றால் அகப்பட்டது என்று எண்ணுவதும் தவறு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் கரையோரத்தில் சிங்கி இறால் கூண்டுகளைக் கேமராவால் கண்காணித்து 2001ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், உள்ளே நுழைந்தவற்றில் 94 விழுக்காடு வெளியேறிவிட்டன, அவற்றில் பெரும்பாலானவை வந்த வாயில் வழியாகவே வெளியேறின. நண்டுக் கூண்டுக்கு அதே எண் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் தூக்கும்போது கிடைத்த எண்ணிக்கையை மட்டும் வைத்து ‘இந்த இடத்தில் நண்டே இல்லை’ என்று தீர்மானிப்பதற்கு முன் பதிவை முழுமையாகப் பார்ப்பது அவசியம் என்பது தெளிவாகிறது. வாயிலின் கதவு சரியாக மூடவில்லை என்பது அதில்தான் தெரியவரும்.

பக்கச்சுவர் இல்லாத வளைய வலையைப் பயன்படுத்துபவர்களுக்கு நேரலை உண்மையிலேயே கைகொடுக்கும். அங்கும் அவசரம் கெடுக்கும்: நண்டு வளையத்தின் விளிம்பில் இருக்கும்போதே இழுத்தால் அது உதறிவிட்டு ஓடும். இரைமீது அமர்ந்து தின்னத் தொடங்கும்வரை பொறுத்து, பின் நடுவில் நிற்காமல் ஒரே சீராக இழுக்க வேண்டும்.

கரைக்கு வந்ததும் உறையைத் திறப்பதற்கு முன்பே நன்னீரில் ஊறவைத்து, பொத்தான்களை அதற்குள்ளேயே சிலமுறை அழுத்திவிட வேண்டும். உப்பு காய்ந்து படிகமாகிவிட்டால் உறையின் ரப்பர் வளையத்தை அறுக்கும். உள்ளே நீர் புகுந்திருந்தால் கேமராவை இயக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கி, மின்கலத்தையும் நினைவட்டையையும் உடனே வெளியே எடுத்துவிடுங்கள். உப்புநீர் பட்ட லித்தியம் மின்கலம் சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால் அதை மீண்டும் மின்னேற்றாமல், எரியும் பொருள்கள் இல்லாத திறந்த இடத்தில் தனியே வைத்து, மின்கழிவு பெறும் இடத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். நினைவட்டை நன்னீரில் அலசி உலர்த்தியபின் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.