மதுரையை ஸ்கூட்டரில் சுற்றிக்காட்ட ஒருநாள் திட்டம்

மதுரையில் ஒரு பகல் நண்பகல் 12.30 மணிக்கு இரண்டாக உடையும். மீனாட்சியம்மன் கோவில் நடை காலை 5 மணிக்குத் திறக்கும், 12.30-க்குச் சாத்துவார்கள். மறுபடி மாலை 4 மணிக்குத் திறந்து இரவு 10 வரை இருக்கும். திருமலை நாயக்கர் மகால் காலை 9 முதல் மாலை 5 வரை. முதலில் இவற்றை ஒரு தாளில் எழுதிவிட்டு, மற்ற இடங்களை இடையில் செருகுங்கள். விருந்தாளி சாவகாசமாக டிபன் முடித்து 10.30-க்குக் கிளம்பினால், பொது வரிசையில் பாதி நகர்வதற்குள் நடை சாத்திவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு வேகமாக வண்டி ஓட்டியும் பயனில்லை.

அடுத்தது வீதிகள். கோவிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரத்துக்கு வெளியே சதுரமாக வீதிகள் போகும். கடைசியாக வெளி வீதி. கோட்டைச் சுவர் இருந்த இடம் அது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் சுவரை இடித்தார்கள். ஆடி வீதி கோவிலுக்குள்ளேயே இருக்கிறது. சித்திரை வீதியில் வண்டி விடமாட்டார்கள். ஆவணி மூல வீதியில் வண்டி போகும், ஆனால் மூட்டை இறக்கும் லோடு வேன்களுக்குப் பின்னால் கால் ஊன்றி ஊன்றித்தான் போக வேண்டியிருக்கும். எனவே மாசி வீதிக்கு உள்ளே நடை, வெளியே ஸ்கூட்டர் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோவில் பக்கத்திலேயே அடுக்குமாடி வாகன நிறுத்தம் இருக்கிறது. அங்கே வண்டியைப் போட்டு டோக்கன் வாங்கியபின், உள்பகுதி முடியும்வரை அதைத் தொட வேண்டாம்.

வெளியூர்க்காரர்கள் தடுமாறுவது 'மேல', 'கீழ' என்ற சொற்களில். மதுரையில் மேல மாசி வீதி என்றால் மேற்கு, கீழ மாசி வீதி என்றால் கிழக்கு. மேலே என்றால் வடக்கு என்று நினைத்து மேப்பைத் திருப்பிப் பார்ப்பவர்கள் நேர் எதிர்த் திசையில் போய் நிற்பார்கள். கிளம்புவதற்கு முன் இதை விருந்தாளியிடம் ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

வண்டியும் ஆளும்

110 அல்லது 125 சிசி கியர் இல்லாத ஸ்கூட்டர் போதும். கீழே சொல்லும் சுற்று ஏறத்தாழ 45 கி.மீ. வரும், இருவர் உட்கார்ந்தால் ஒன்றேகால் லிட்டர் பெட்ரோல் ஆகும். இரண்டு லிட்டர் இருந்தால் வழியில் பங்க் தேட வேண்டியதில்லை.

பெரும்பாலோர் கோட்டை விடுவது பின் டயர் காற்றில். தனியாக ஓட்டும்போது வைத்த காற்றோடு ஆளை ஏற்றினால் வளைவில் பின்பக்கம் நழுவுவதுபோல் ஆடும், வேகத்தடையில் அடித்தட்டு உரசும். பல 110 சிசி வண்டிகளுக்கு முன்னால் 22 பிஎஸ்ஐ, பின்னால் இருவருக்கு 36 என்று இருக்கும். உங்கள் வண்டிக்கான எண் அதில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும், அதன்படி வையுங்கள். டயர் சூடேறும் முன், காலையிலேயே பார்க்க வேண்டும். பிரேக்கையும் ஆளை ஏற்றிக்கொண்டு ஒருமுறை சோதியுங்கள். தனியாக ஓட்டும்போது நன்றாகப் பிடித்த டிரம் பிரேக், பின்னால் 75 கிலோ ஏறியதும் இன்னும் சில அடி தள்ளித்தான் நிறுத்தும். டியூப்லெஸ் டயர் என்றால் பஞ்சர் கிட்டும் சின்ன கைப்பம்பும் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். கேமராவை மட்டும் அங்கே வைக்காதீர்கள். கீழே இன்ஜின் சூடு இருக்கிறது, வெயிலில் நிறுத்தினால் அது அடுப்புதான்.

கூலி வாங்கிக்கொண்டு வெள்ளை நம்பர் பிளேட் வண்டியில் ஆளை ஏற்றாதீர்கள். தனிப்பயன்பாட்டு இன்சூரன்ஸில் வாடகைப் பயன்பாடு சேராது. விபத்து நடந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம், ஆஸ்பத்திரிச் செலவு உங்கள் தலையில் விழும். விருந்தாளி தானே ஓட்டுவதாக இருந்தால் கருப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்துள்ள வாடகை வண்டியாகப் பார்த்து எடுங்கள். வெளிநாட்டவரிடம் இருசக்கர வாகனத்துக்கான முத்திரையுள்ள சர்வதேச ஓட்டுநர் அனுமதி இருக்க வேண்டும். கார் பிரிவுக்கு மட்டும் முத்திரை போட்ட புத்தகத்தைக் காட்டுபவர்கள் உண்டு. பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

ஹெல்மெட் இருவருக்கும் கட்டாயம். ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக, இரண்டு அளவுகளில் வைத்திருங்கள். உள்ளே போட மெல்லிய துணித் தொப்பி கொடுத்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சீட்டுக்கு அடியில் முழு ஹெல்மெட் இரண்டு கொள்ளாது. ஒன்றை உள்ளே வைத்துவிட்டு மற்றதன் பட்டை வளையத்தை சீட் கொக்கியில் மாட்டிப் பூட்டுங்கள்.

பின்னால் உட்காருபவருக்கு இரண்டு நிமிடப் பாடம்

சைலன்சர் வலது பக்கம் இருக்கிறது. ஏறுவதும் இறங்குவதும் எப்போதும் இடது பக்கம். வண்டியை ஸ்டார்ட் செய்து, இரு காலும் ஊன்றி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, "இப்ப ஏறிக்கங்க" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அவர் ஏற வேண்டும். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் ஏறினால் ஸ்டாண்டு மண்ணில் புதைந்து வண்டி சாயும். இறங்கும்போதும் அதே மாதிரி: நீங்கள் சொல்லும்வரை அவர் அசையக் கூடாது. அரைக்கால் பேண்ட் போட்டவர் அவசரத்தில் வலது பக்கம் இறங்கினால் கெண்டைக்காலில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம் வரும், அன்றைய சுற்று அத்தோடு முடிந்தது.

துப்பட்டா, வேட்டி நுனி, பையின் தொங்கும் பட்டை எல்லாவற்றையும் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். சேலையில் ஒருபக்கமாக உட்கார்ந்து 45 கி.மீ. வருவது முதுகுக்கும் ஆகாது, வண்டியின் சமநிலைக்கும் ஆகாது. சுடிதார் அல்லது பேண்ட் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அரைக்கால் பேண்டோடு கோவிலுக்குள்ளும் விடமாட்டார்கள்.

ஓட்டிக்கொண்டே கதை சொல்லாதீர்கள். ஹெல்மெட்டுக்குள் பாதி கேட்காது, மீதியைச் சொல்ல நீங்கள் தலையைத் திருப்புவீர்கள், அந்த நொடியில் ஷேர் ஆட்டோ முன்னால் பிரேக் போடும். தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாக, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. பேச்சை இறங்கியபின் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை: கல் சூடாவதற்கு முன்

5.45-க்குக் கிளம்பி தேனி சாலையில் காளவாசல் தாண்டி, நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் கீழக்குயில்குடிக்குப் போங்கள். சமணர் மலையைக் காலையில்தான் ஏற வேண்டும். 9 மணிக்கு மேல் வெறும் பாறை காலைச் சுடும், மேலே நிழல் கிடையாது. அடிவாரத்தில் தாமரைக்குளம், அய்யனார் கோவில், ஆலமரங்கள். அங்கிருந்து பாறையில் செதுக்கிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். தீர்த்தங்கரர் (சமண ஞானிகள்) உருவங்கள் வரிசையாகப் பாறை முகத்தில் இருக்கும். அவற்றுக்குக் கீழே உள்ள வட்டெழுத்துகளை, அதாவது பழைய தமிழ் எழுத்துகளை, காட்டாமல் இறங்காதீர்கள். அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று ஒன்றின் கீழ் எழுதியிருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒரு தாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த இடம். காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எழுத்தின் பள்ளம் தெரியும். உச்சி வெயிலில் தடவித்தான் பார்க்க வேண்டும் (தடவாதீர்கள், தேய்கிறது). செட்டிப்புடவு என்ற சமணக் குகை இதே மலையின் இன்னொரு பக்கம் இருக்கிறது. இரண்டும் பார்க்க ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

அங்கிருந்து திருப்பரங்குன்றம் ஏறத்தாழ 10 கி.மீ. அறுபடை வீடுகளில் முதலாவது, பாண்டியர் காலக் குடைவரை. மூலவர் பாறையிலேயே செதுக்கப்பட்டவர் என்பதால் அபிஷேகம் வேலுக்குத்தான். இதைச் சொல்லிவிட்டு உள்ளே போனால் விருந்தாளி எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து பார்ப்பார். முகூர்த்த நாளாக இருந்தால் சந்நிதித் தெரு முழுக்கக் கல்யாண வேன்கள். அன்று கோவிலை வெளியிலிருந்து காட்டிவிட்டு நகருங்கள், இல்லையென்றால் 12.30 கணக்கு உதைக்கும். டிபன் இங்கேயே முடியட்டும்.

10 மணிக்குள் நகருக்குள் வந்து வண்டியை நிறுத்துங்கள். 2018-இல் வீரவசந்தராயர் மண்டபத் தீ விபத்துக்குப் பிறகு கோவிலுக்குள் செல்போன் கூடாது, ஒப்படைக்கும் இடம் வாசல் பக்கத்திலேயே உண்டு. போன் இல்லாததால் உள்ளே பிரிந்தால் கூப்பிட முடியாது. "தொலைந்தால் பொற்றாமரைக் குளத்தின் படியில் நிற்கவும்" என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். செருப்பு விட்ட வாசல் வழியாகவே வெளியே வாருங்கள். நான்கு கோபுரமும் புதியவருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். கிழக்கில் செருப்பை விட்டு தெற்கில் வெளியேறினால், 12 மணித் தரையில் வெறுங்காலோடு கால்வாசிச் சுற்று.

இந்து அல்லாதவர்களுக்குக் கருவறைப் பகுதிக்கு அனுமதி இல்லை. பிராகாரங்கள், குளக்கரை, ஆயிரங்கால் மண்டபம் பார்க்கலாம். பெயர்தான் ஆயிரங்கால், எண்ணினால் 985. வெளிநாட்டவர் வந்தால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. சந்நிதி வாசலில் தடுக்கப்படும்போது சொல்வது அல்ல.

மத்தியானம்

12.30 முதல் 2.30 வரை வண்டி வேண்டாம், குறிப்பாக ஏப்ரல், மே மாதங்களில். சாப்பாடு, ஓய்வு. பிறகு நடையாகவே கீழ மாசி வீதி முனையில் விளக்குத்தூண். கோட்டையை இடித்த அந்த பிளாக்பர்னுக்கு வைத்த நினைவுத்தூண்தான் அது. பக்கத்துச் சந்தில் துணிக்கடைகளுக்கு நடுவே பத்துத்தூண். நாயக்கர் அரண்மனையின் மிச்சமான இந்தத் தூண்களை ரவிக்கைத் துணி வாங்க வருபவர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. இதைப் பார்த்துவிட்டு மகாலுக்குப் போனால்தான் 1636-இல் கட்டிய அரண்மனை எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பது உறைக்கும். இன்று நிற்பது நாலில் ஒரு பங்குதான். மகாலில் ஒரு மணி நேரம் போதும். 4 மணிக்கு வெளியே வந்துவிடுங்கள்.

விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்காமல் விடமாட்டார்கள். குடிக்கலாம், ஆனால் பாதாம் பிசின், பால்கோவா, ஐஸ்கிரீம் எல்லாம் சேர்ந்து வயிற்றை நிரப்பிவிடும். சாப்பாட்டுக்கு முன் வாங்கிக் கொடுத்தால் சாப்பாட்டுக்காசு வீண்.

மாலையும் இரவும்

4 மணிக்கு வண்டியை எடுத்து, 1889-இல் திறந்த ஏ.வி. பாலம் வழியாக வைகையைத் தாண்டி தமுக்கம் காந்தி நினைவு அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனைக் கட்டடம், அருங்காட்சியகமாகத் திறந்தது 1959-இல். நேரம் குறைந்தால் சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த துணியை மட்டுமாவது காட்டுங்கள். 1921 செப்டம்பரில் அவர் அரையாடைக்கு மாறிய வீடும் இதே ஊரில், மேல மாசி வீதியில்தான். கோரிப்பாளையம் சந்திப்பில் நெரிசல் எப்போதும் உண்டு. முந்தின நாள் போய்ப் பாதையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் இந்தச் சுற்றையே வைக்காதீர்கள், பாலம் பக்கமே வண்டி நகராது.

5.30 வாக்கில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் தோண்டிய பள்ளம் இது. 1645-இல் திருமலை நாயக்கர் குளமாக்கினார் என்பார்கள். தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோவிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர். காலையில் கோவிலில் பார்த்த பிள்ளையாரை இங்கே நினைவுபடுத்தினால் இரண்டு இடமும் விருந்தாளி மனதில் ஒட்டிக்கொள்ளும். நாலு பக்கமும் வண்டியில் ஒரு சுற்று வந்து, தின்பண்டக் கடைகள் இல்லாத கரையாகப் பார்த்து நிறுத்துங்கள்.

அழகர்கோவிலையும் யானைமலையையும் இதே நாளில் சேர்க்கச் சொல்வார்கள். வேண்டாம். இரண்டும் நகருக்கு வடகிழக்கில், இன்னொரு காலைக்கு உரியவை.

விருந்தாளிக்குத் தெம்பு இருந்தால் இரவு 9 மணிக்குக் கோவிலுக்குத் திரும்புங்கள். பள்ளியறைப் பூஜைக்காகச் சுந்தரேசுவரரின் பாதங்களைப் பல்லக்கில் மீனாட்சி சந்நிதிக்குக் கொண்டுபோவார்கள். பல்லக்கு பிராகாரம் வழியாகப் போவதால் சந்நிதிக்குள் போக முடியாதவர்களும் பார்க்கலாம். கூட்டமும் பகலைப் போல இராது. வாகன நிறுத்த டோக்கன் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். போனோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு, அது எங்கே என்று இரவு 10 மணிக்குத் தேடுபவர்கள் நிறையப் பேர். தொலைத்துவிட்டால் ஆர்.சி. காட்டித்தான் வண்டியை எடுக்க வேண்டிவரும், அதனால் நகல் ஒன்றைப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.