மீன் கம்பெனியில் பழைய மேனேஜரைப் பொறுப்பு மாற்றுவது எப்படி?

கரையில் ஏலம் எடுத்து லாரி ஏற்றிய காலத்தில் சேர்ந்தவரிடம் இன்று மைனஸ் 18 டிகிரி கிடங்கின் பதிவேட்டையும் ஏற்றுமதி ஆவணங்களையும் கேட்கிறோம். அவர் திணறினால் குற்றம் அவர்மேல் இல்லை, வேலையே வேறாகிவிட்டது. மண்டபம், பாம்பன், தொண்டிக் கரையில் அவரைப் போல ஆள் கிடைப்பதும் அரிது.

முதலில் அவர் செய்வதை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். படகுக்காரர்களிடம் விலை பேசுவது, முன்பணம் கொடுத்து வாங்குவது, செவுளைத் தூக்கிப் பார்த்தே மீனின் பதத்தைச் சொல்வது ஒரு பக்கம். ஆவணம், கிடங்கு, வங்கி மறுபக்கம். முதல் பக்கம் அவருக்கே. எந்தத் தொகை வரை உங்களைக் கேட்காமல் விலை முடிக்கலாம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். அதிகாரமில்லாத 'ஆலோசகர்' பட்டம் தயவுசெய்து வேண்டாம், அது அவமானம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன் மட்டும் வரும். மார்ச்சிலேயே பேசிவிட்டு, மாற்றத்தைத் தடைக்காலம் முடிவதற்குள் முடியுங்கள். விசைப்படகுகள் இறங்கியபின் யாருக்கும் உட்கார நேரமிருக்காது.

முதலாளியே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும், மகனை அனுப்பக் கூடாது. "அண்ணே, ஆபீசுக்கு வேற ஆள் போடுறேன். கரைய நீங்கதான் பாக்கணும். சம்பளம் குறையாது." இவ்வளவு போதும். தள்ளிப்போட்டால் டீக்கடையில்தான் அவர் கேள்விப்படுவார்.

சம்பளத்தில் கைவைக்காதீர்கள். பணிக்கொடை (கிராஜுவிட்டி) கடைசிச் சம்பளத்தை வைத்தே கணக்காகிறது: அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணியாண்டுகளாலும் பெருக்க வேண்டும். 20 ஆண்டு உழைத்தவருக்கு 26,000 என்றால் 3,00,000 ரூபாய். அதை 20,800 ஆக்கினால் 2,40,000தான். உழைத்து முடித்த வருடங்களுக்கும் சேர்த்து 60,000 போகிறது.

அதிகம் சிக்குவது முன்பணக் கணக்கில். அது பெரும்பாலும் அவர் சட்டைப்பை நோட்டில் இருக்கும், படகுக்காரர் நினைவில் வேறு தொகை இருக்கும். புது மேனேஜரையும் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் பாக்கியைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்குங்கள். மனக்கசப்பு வந்தபின் இது நடக்காது. வங்கிக் கையெழுத்து, சாவி, முத்திரை மூன்றும் ஒரே நாளில் மாறட்டும். பழைய அறையிலேயே அவர் உட்கார்ந்தால் ஆட்கள் விடுப்புக்கு அவரிடமே போய் நிற்பார்கள். இறங்குதளத்தின் பக்கமே அவருக்கு மேசை போடுங்கள்.

ஓய்வுதான் வேண்டும் என்றால் வற்புறுத்தாமல் அனுப்புங்கள். பணிக்கொடையை 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேரும்.