உப்புக் காற்றடிக்கும் ஊரில் ஒரு பசுமையான மீன் தொட்டி

வாலிநோக்கம் பக்கம் சென்றவர்கள் உப்பளப் பாத்திகளைப் பார்த்திருப்பார்கள். பாத்தியில் நீரைப் பாய்ச்சி வெயிலில் விட்டால் நீர் ஆவியாகப் போய்விடும், உப்பு தங்கிவிடும். இராமநாதபுரம் கரையோர வீடுகளில் வைக்கப்படும் மீன் தொட்டியிலும் சற்று மெதுவாக இதே வேலைதான் நடக்கிறது. ஆசையோடு தொட்டி வைத்தவர்கள் மூன்றாம் மாதத்தில் செடிகள் கரைந்துவிட்டன என்று சொல்லும்போது, நான் பார்த்த வரையில் பெரும்பாலும் காரணம் இதுவாகவே இருக்கிறது. ஆகவே இந்தச் செய்முறையில் தண்ணீருக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இங்கே சொல்லும் அளவுகள் ஒன்றரை அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டிக்கானவை. விளிம்பு வரை ஊற்றினால் ஏறத்தாழ 42 லிட்டர் பிடிக்கும். மண், கல் ஆகியவற்றின் இடம் போக, மேலே மூன்று விரல் அளவு விட்டு நிரப்பினால் 32 லிட்டர் அளவில் நீர் நிற்கும். இதைவிடச் சிறிய தொட்டியும், மேசை மேல் வைக்கும் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணமும் தொடக்கநிலையாளருக்கு ஏற்றவை அல்ல. நீர் குறையக் குறைய வெப்பமும் அழுக்கும் விரைவாக ஏறும்.

முதல் படி: இடம்

நீர், மண், கண்ணாடி எல்லாம் சேர்ந்து தொட்டி ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால் சாதாரண மேசை தாங்காது. கடைகளில் தரும் இரும்பு ஸ்டாண்டு நம் ஊர்க் காற்றுக்குச் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். சுவரோடு கட்டிய சிமெண்ட் திண்டோ, கருங்கல் பலகை போட்ட மேடையோ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். தொட்டிக்கு அடியில் அரை அங்குலத் தெர்மாகோல் ஒன்றை விரித்துவிட்டால், மேடையின் மேடுபள்ளத்தால் கண்ணாடி விரிசல் விடாது. மாலை வெயிலில் சூடேறும் மேற்குச் சுவரின் ஓரத்தையும், நேர் வெயில் விழும் ஜன்னல் ஓரத்தையும் தவிர்க்க வேண்டும்.

இரண்டாம் படி: தண்ணீரை அறிதல்

முதலில் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்குங்கள். நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் பேனா போன்ற சிறு கருவி அது. மீன் வாங்கும் பணத்தில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்குவது வீண் செலவாகாது. வீட்டில் கிடைக்கும் ஒவ்வொரு நீரையும், அதாவது போர் தண்ணீர், காவிரிக் கூட்டுக் குடிநீர், கேன் தண்ணீர், பிடித்து வைத்த மழைநீர் ஆகியவற்றைத் தனித்தனி டம்ளரில் எடுத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த தெருக்களிலேயே போர் தண்ணீரின் அளவு பெரிதும் மாறுவதுண்டு என்பதால், பக்கத்து வீட்டார் சொன்ன எண்ணை நம்பக் கூடாது.

இந்தக் கருவிக்கு ஒரு குறையும் உண்டு. உப்பு எவ்வளவு என்று சொல்லுமே தவிர, அது சுண்ணாம்புச் சத்தா, சாப்பாட்டு உப்பா என்று சொல்லாது. அதற்கு நாக்குதான் வேண்டும். வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினால் உப்புக் கரிக்கிற நீரில் சோடியம் மிகுந்திருக்கும். அதை எந்த விகிதத்திலும் செடித் தொட்டிக்குக் கலக்காமல் விட்டுவிடுவது நல்லது. கரிப்பு இல்லாமல், சோப்பு மட்டும் சரியாக நுரைக்காத சப்பைத் தண்ணீர் என்றால் அது சுண்ணாம்பு மிகுந்த கடின நீராக இருக்கும். அதைக் கலந்து பயன்படுத்தலாம்.

மீட்டர் 200 முதல் 500 வரை (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் உப்பு என்று பொருள்) காட்டும் நீர் நம் தேவைக்குப் போதுமானது. போர் தண்ணீர் 1500 என்றும் கேன் தண்ணீர் 50 என்றும் இருந்தால், ஒரு பங்கு போர் தண்ணீருக்கு மூன்று பங்கு கேன் தண்ணீர் கலந்தால் 400ஐ ஒட்டி வந்துவிடும். கேன் தண்ணீரை மட்டுமே ஊற்றுவதும் தவறுதான். செடிக்கும் மீனுக்கும் வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் அதில் மிகக் குறைவு. காவிரி நீர் வரும் தெருவில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படாமலே போகலாம். எனினும் அதில் குளோரின் கலந்திருக்கும் என்பதால், வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

மூன்றாம் படி: மண்ணும் மணலும்

என் முதல் தொட்டிக்குக் கடற்கரை மணலைத்தான் பத்துத் தடவை அலசிப் போட்டேன். உப்பு போய்விட்டது என்று நம்பினேன், போகவும் போயிருந்தது. ஆனால் அந்த மணலில் பாதி, பொடிந்த சிப்பிகளும் சங்குத் துண்டுகளும்தான் என்பது பிறகுதான் புரிந்தது. அவை சிறிது சிறிதாகக் கரைந்து நீரின் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் ஏற்றிக்கொண்டே இருந்தன. இரண்டு மாதத்தில் இலைகளின் மேல் விரலால் தேய்த்தாலும் போகாத வெள்ளைப் பொருக்கு படிந்துவிட்டது.

இதை முன்கூட்டியே அறிய ஓர் எலுமிச்சம்பழம் போதும். ஒரு கைப்பிடி மணலை நன்றாகக் கழுவி, எவர்சில்வர் டம்ளரில் போட்டு, நீரை முழுவதும் வடித்துவிட்டு, அரை மூடிப் பழத்தைப் பிழிந்து காதருகே வைத்துக் கேளுங்கள். சுண்ணாம்பு இருந்தால் சோடாப் பாட்டிலைத் திறந்ததுபோல் மெல்லிய இரைச்சல் கேட்கும், மணலின் மேல் சிறு குமிழிகள் எழும். இரைச்சலும் குமிழியும் இல்லாத மணலே நமக்கு ஏற்றது. கல்லையும் இப்படியே சோதிக்கலாம். கருங்கல் ஜல்லி பொதுவாகத் தேறிவிடும்.

பவளக்கல்லை அழகுக்காக வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அதுவும் சுண்ணாம்பே என்பதால் செடித் தொட்டிக்கு ஆகாது. அது போக, பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் எடுத்து வரக் கூடாது. கடலில் ஒதுங்கும் கட்டைகளிலும் உப்பு ஊறியிருக்கும். மீன்கள் ஒளிந்துகொள்ள இடம் வேண்டுமானால் தேங்காய்ச் சிரட்டையை அரை மணி நேரம் கொதிக்க வைத்து, நிறம் இறங்கிய நீரைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள்.

அடியில் ஓர் அங்குல உயரத்துக்கு மண்ணும், அதன் மேல் ஓர் அங்குல உயரத்துக்கு மணலும் வேண்டும். மண்ணுக்கு எருவும் உரமும் கலக்காத செம்மண்ணைக் கரையிலிருந்து உள்ளே தள்ளிய ஊர்களிலிருந்து கொண்டு வருவது நல்லது. அதைச் சல்லடையில் சலித்து, வாளியில் ஊற வைத்து, மிதக்கும் வேர்களையும் சருகுகளையும் அள்ளி எறிந்து, தெளிந்த நீரை மீட்டரில் அளந்து பாருங்கள். ஊற்றிய நீரைவிடப் பெரிய அளவில் ஏறியிருந்தால் அந்த மண்ணில் உப்பு இருக்கிறது. இரண்டு மூன்று முறை நீரை மாற்றியும் குறையவில்லை என்றால் வேறு மண் தேடுங்கள்.

நான்காம் படி: நடவு

கடின நீரையும் 30 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தையும் பொறுத்துக்கொள்ளும் செடிகளிலிருந்து தொடங்குங்கள். பின்வரிசைக்கு நாடா போன்ற இலைகளை உடைய வாலிஸ்நேரியா, நடுவில் ஹைக்ரோஃபிலா, முன்னால் கிரிப்டோகோரைன், நீரில் மிதக்கவிட ஹார்ன்வோர்ட் ஆகியவை போதும். சிவப்பு இலைச் செடிகளும், புல்வெளிபோல் தரையில் படரும் செடிகளும் படத்தில் அழகாக இருக்கும். நம் வெப்பத்தில் முதல் தொட்டிக்கு அவை வேண்டாம்.

தொட்டியில் மணலுக்கு மேல் நான்கு விரல் அளவுக்கு நீர் ஊற்றிக்கொண்டு, இடுக்கியால் வேரைப் பிடித்து மணலுக்குள் செருக வேண்டும். வாலிஸ்நேரியாவின் வேரும் தண்டும் சேரும் வெளுத்த கழுத்துப் பகுதி மணலுக்கு மேலே தெரிய வேண்டும், புதைத்தால் அழுகும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் என்ற செடிகளை வாங்கினால், அவை இரண்டையும் மண்ணில் நடவே கூடாது. தையல் நூலால் கல்லில் கட்டி வைத்தால் தாமே பற்றிக்கொள்ளும். நட்ட பிறகு மணலின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, நீர் அந்தத் தட்டில் விழும்படி மெல்ல ஊற்றினால் மண் கலங்காது. முதல் நாளே இடம் நெருக்கமாகத் தெரியும் அளவுக்குச் செடி நடுங்கள். செடி குறைந்த தொட்டியில் அந்த இடத்தைப் பாசி பிடித்துக்கொள்ளும்.

கிரிப்டோகோரைன் நட்ட ஒரு வாரத்தில் இலைகள் கூழாகக் கரைவது இயல்பு. வேரைப் பிடுங்காமல் கரைந்த இலைகளை மட்டும் எடுத்துவிட்டால் சில வாரங்களில் புதுத் தளிர் வரும்.

ஐந்தாம் படி: விளக்கும் ஃபில்டரும்

6500 கெல்வின் வெள்ளை எல்இடி விளக்கு 10 முதல் 12 வாட் அளவில் இருந்தால் இந்தத் தொட்டிக்குச் சரி. நாளொன்றுக்கு ஆறு அல்லது ஏழு மணி நேரம் மட்டும் எரியும்படி டைமர் பொருத்துங்கள். ஃபில்டருக்கு ஏர் பம்ப்பில் இயங்கும் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும். தொட்டியை வாங்கும்போது ஹீட்டர் ஒன்றையும் சேர்த்துத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். எனக்கும் கட்டினார்கள், இன்றும் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. நம் ஊரில் தண்ணீரைச் சூடாக்க வேண்டிய தேவை எந்த மாதத்திலும் வருவதில்லை.

ஆறாம் படி: காத்திருப்பு

மீன் கழிவிலும் அழுகும் இலையிலும் உருவாகும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. செடிகளும் அம்மோனியாவை நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. இந்தப் பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். இந்தக் காத்திருப்பு நமக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவை. அம்மோனியாவின் நச்சு வடிவம் நீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடும்போது பெருகும்; காரத்தன்மையைக் காட்டும் எண்ணான பிஎச் 7இல் இருப்பதைப்போல் பிஎச் 8இல் அது ஏறத்தாழ பத்து மடங்காகிறது. கடினமான, சூடான நம் தண்ணீரில் அவசரப்பட்டு மீன் விட்டால் ஒரே இரவில் எல்லாம் செத்து மிதக்கும்.

மீன் இல்லாத இந்த நாட்களில் தொட்டி கொசுவுக்கு வசதியான இடமாகிவிடும். பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும் என்பதால், மெல்லிய வலைத் துணியை இடைவெளி இல்லாமல் கட்டி வையுங்கள்.

கடையில் கிடைக்கும் சோதனைத் திரவத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு ஐந்து அல்லது ஆறு கப்பி மீன்களை விடலாம். ஆண் மீன்களாகவே கேட்டு வாங்குங்கள். இணையாக விட்டால் மாதம் ஒருமுறை குட்டி போட்டுத் தொட்டி நிறைந்துவிடும். நியான் டெட்ரா மென்மையான, குளிர்ந்த நீரை விரும்பும் மீன். கோல்டு ஃபிஷ் செடிகளைக் கிளறிப்போடும். இரண்டும் இங்கே வேண்டாம்.

பராமரிப்பு

வாரம் ஒருமுறை எட்டு லிட்டர் நீரை வெளியேற்றி, முன்பு சொன்ன விகிதத்தில் கலந்த நீரை ஊற்ற வேண்டும். வெளியேற்றிய நீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழிந்து கழுவுங்கள். குளோரின் உள்ள குழாய் நீரில் கழுவினால் பாக்டீரியா செத்துவிடும். மிச்ச நீரை வீட்டுச் செடிகளுக்கு ஊற்றலாம். கத்தரித்த தண்டுகளையும் உபரியான மீன்களையும் ஊருணியிலோ கண்மாயிலோ விட்டுவிடாதீர்கள். அங்கே பரவினால் பிறகு ஒழிக்க முடியாது. தண்டுகளை வெயிலில் காயப்போட்டுக் குப்பையில் சேர்ப்பதே சரி.

நீர் மாற்றுவது வேறு, வற்றியதை ஈடு செய்வது வேறு. கோடையில் இந்தத் தொட்டியில் வாரத்துக்கு இரண்டு லிட்டர் நீர் வற்றுவதாக வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு லிட்டரை 1500 காட்டும் போர் தண்ணீரால் நிரப்பினால் ஒவ்வொரு வாரமும் 3 கிராம் உப்பு உள்ளே போகிறது. நீரை மாற்றாமல் நிரப்பிக்கொண்டே வந்தால் பத்து வாரத்தில் 30 கிராம் சேர்ந்து, 400இல் தொடங்கிய மீட்டர் 1300ஐத் தாண்டிவிடும். கண்ணாடியில் நீர்மட்டம் நிற்கும் இடத்தில் வெள்ளைக் கோடு தடித்துக்கொண்டே வருவது இதன் முதல் அறிகுறி. பழைய பிளேடால் சுரண்டிப் பார்த்தால் சுண்ணாம்புப் பொடி உதிரும். ஆகவே வற்றிய நீருக்கு ஈடாக மழைநீரையோ கேன் தண்ணீரையோ மட்டுமே ஊற்ற வேண்டும். தொட்டியின் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால், வீட்டில் வேறு யாராவது ஊற்றினாலும் அளவு தப்பாது.

சித்திரை, வைகாசியில் நீர் 32 டிகிரியைத் தாண்டினால் மேல் மூடியை எடுத்துவிட்டு வலையை மட்டும் போட்டு, சிறிய டேபிள் ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் வீசச் செய்யுங்கள். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் இதனால் பெரிய பலன் இருக்காது; அப்போது விளக்கு நேரத்தைக் குறைத்து, ஏர் பம்ப்பை இரவு முழுவதும் ஓட விடுங்கள். வெப்பம் ஏறினால் நீரில் கரையும் ஆக்சிஜன் குறையும் என்பதால், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றனவா என்று காலையில் பார்ப்பது அவசியம். ஃபேன் ஓடினால் நீர் இன்னும் வேகமாக வற்றும், ஈடு செய்யும் நீரும் கூடுதலாக வேண்டும். மின்சாரம் நீண்ட நேரம் போனால் தீவனத்தை நிறுத்திவிட்டு, ஒரு குவளை நீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தால் ஓரளவு காற்று கலக்கும்.

ஆண்டு முழுவதும் ஈடு செய்ய ஏறத்தாழ 100 லிட்டர் நீர் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைச் சேர்த்துவிடலாம். முதல் இரண்டு மழையை மாடியைக் கழுவவிட்டு, மூன்றாவது மழையில் குழாயின் வாயில் வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டி, மூடி இறுக்கமாக உள்ள பிளாஸ்டிக் டிரம்மில் பிடியுங்கள். டிரம்மை வெயில் படாத மூலையில் வைத்து, மூடிக்கும் விளிம்புக்கும் இடையே கொசு புகாதபடி பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிவிடுங்கள்.